பிளேடு, டேப், லாகரிதம்: டீலியா டார்பிஷர் இசையமைப்பாளரா, டெக்னீஷியனா?

கேள்வி இது. ஒருவருடைய மகள் கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், கூடவே கீபோர்டு வாசிப்பார். படிப்பு முடிந்ததும் தொலைக்காட்சிக்கு இசை செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் காட்டுகிற முன்மாதிரி, பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடருக்கு முகப்பு இசை செய்த டீலியா டார்பிஷர். “சிந்தசைசரே கடைக்கு வராத 1963இல் அந்த அம்மாள் அதை எப்படிச் செய்தார்? அவர் இசையமைப்பாளரா, ஸ்டுடியோ டெக்னீஷியனா? கணக்குப் படித்த பெண்ணுக்கு இந்த வழி சரிப்பட்டு வருமா?” என்று அப்பா கேட்கிறார்.

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இசையமைப்பாளர். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் பிபிசி அவரை அந்தப் பெயரில் வேலைக்கு வைத்திருக்கவில்லை. ஸ்டுடியோ உதவியாளராகச் சேர்த்து, கடைசிவரை மாதச் சம்பளக்காரராகவே வைத்திருந்தது. அவர் எப்படி வேலை செய்தார் என்பது புரிந்தால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

டீலியா பிறந்தது 1937 மே 5, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. மூன்று வயதுக் குழந்தை வான்தாக்குதல் சங்கின் ஏறி இறங்கும் ஓலத்தையும், ஆபத்து நீங்கியதென்று ஒரே சுதியில் ஊதும் சங்கையும் கேட்டு வளர்ந்தது. இசைக்கருவி எதிலிருந்தும் வராத ஒலியின் மேல் தனக்குப் பிடிப்பு வந்ததே அங்கேதான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். எட்டு வயதில் பியானோ. அப்புறம் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படிக்க உதவித்தொகை கிடைத்தது. சாதாரணத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இடையில் இசைக்கு மாறி, 1959இல் கணிதம், இசை இரண்டிலும் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

வந்ததும் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜெனீவாவில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் சில காலம், ஊருக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியை, லண்டனில் ஓர் இசைப் பதிப்பகம் என்று அலைந்து, 1960 கடைசியில் பிபிசியில் பயிற்சி நிலை ஸ்டுடியோ உதவியாளராகச் சேர்ந்தார்.

பிபிசியில் அப்போது ஓர் ஓரமான இடம் இருந்தது. பெயர் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப். 1958இல் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் டாஃப்னி ஓரம் என்ற பெண்மணியும் சேர்ந்து ஆரம்பித்தது. லண்டன் மெய்டா வேல் ஸ்டுடியோ கட்டடத்தில் சில அறைகள், அவ்வளவுதான். வானொலி, தொலைக்காட்சி நாடகங்களுக்கு விசித்திரமான ஒலிகள் செய்து தருவது அவர்கள் வேலை. பிபிசி ஊழியர்களை வழக்கமாக அங்கே நியமித்துத்தான் அனுப்புவார்கள், விரும்பிக் கேட்டுப் போவது அபூர்வம். டீலியா கேட்டு வாங்கிக்கொண்டு 1962இல் போனார். பதினொரு வருடம் இருந்தார். ஏறக்குறைய இருநூறு நிகழ்ச்சிகளுக்கு வேலை செய்தார்.

அங்கே என்ன கருவிகள் இருந்தன என்று பாருங்கள். இசைக்கருவி என்று சொல்லும்படி அதிகம் ஒன்றுமில்லை. பொறியாளர்கள் மின் இணைப்புகளைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் ஆசிலேட்டர்கள் இருந்தன. ஒரு குமிழைத் திருப்பினால் ‘ஊ’ என்று ஒரே சுரம் வரும், அவ்வளவுதான். எல்லா அதிர்வெண்களும் கலந்த ‘ஸ்ஸ்’ ஒலியான வெள்ளை இரைச்சலைத் தரும் பெட்டி ஒன்று. ஒலியில் வேண்டாததை வடிகட்டும் சில ஃபில்டர்கள். பெரிய ஸ்பூல் டேப் இயந்திரங்கள். பிளேடு, ஒட்டும் டேப், மெழுகுப் பென்சில். டீலியா மேசையில் கூடுதலாக ஒரு லாகரிதம் அட்டவணைப் புத்தகம்.

ஸ்பூல் டேப்பைக் கையால் வெட்டி ஒட்டி வேலை கற்ற கடைசித் தலைமுறை நாங்கள். 90களின் தொடக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடகப் பதிவுகளை இப்படித்தான் எடிட் செய்தேன். இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவோம். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் டேப் உரசும்போது குரல் ‘ர்ர்ரூ’ என்று இழுபடும். சொல் தொடங்குகிற புள்ளி கிடைத்ததும் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் டேப்பை எடிட்டிங் பிளாக்கின் பள்ளத்தில் கிடத்தி, சாய்வான வெட்டில் பிளேடை இழுக்க வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய இடம் ‘டிக்’ என்று காட்டிக் கொடுத்துவிடும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அதே ‘டிக்’தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சைச் சரிசெய்யவே பத்து நிமிடம் போய்விடும். டீலியா இதே முறையில் முழு இசையையே கட்டினார், அதுவும் ஒவ்வொரு சுரமாக. அந்த வேலையின் கனம் எனக்கு விரலிலேயே தெரியும்.

சரி, டாக்டர் ஹூவுக்கு வருவோம். தொடரின் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு முதலில் ஒரு பிரெஞ்சுக் குழுவை வைத்து இசை செய்யத்தான் எண்ணம். அது நடக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பிடம் வந்தார். மெட்டு எழுத ரான் கிரெய்னர் என்ற ஆஸ்திரேலிய இசையமைப்பாளரை அழைத்தார்கள். அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். அடிச்சுர வரிசை, மேலே ஒரு மெட்டு. எந்தக் கருவி என்ற இடத்தில் ‘காற்றுக் குமிழி’, ‘மேகம்’ என்கிற மாதிரிச் சொற்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு டீலியாவும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் வேலையைத் தொடங்கினார்கள்.

‘டும் டகடும்’ என்று முகப்பு இசை முழுக்க ஓடும் அந்த அடிச்சுரம், மீட்டப்பட்ட ஒற்றைக் கம்பியின் ஒலி. அதை ஒருமுறை பதிவு செய்தார்கள். டேப்பை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் அதே ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும், பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயி கீழே வரும். ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் பன்னிரண்டு சுரப் படிகளுக்கு வேகத்தை எவ்வளவு மாற்றுவது? ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 1.0595 ஆல் பெருக்க வேண்டும், அதாவது இரண்டின் பன்னிரண்டாம் மூலம். லாகரிதம் புத்தகம் அங்கே எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். இப்படி வேண்டிய சுரங்களையெல்லாம் வேறு வேறு வேகத்தில் மறுபதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

தாளத்துக்கும் கணக்குதான். டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றால், அரை வினாடிச் சுரம் ஏழரை அங்குலம், கால் வினாடிச் சுரம் மூன்றே முக்கால் அங்குலம். ஸ்கேலை வைத்து அளந்து வெட்டினால் அது லயம். ஒரு சுரம் கொஞ்சம் முந்தி விழ வேண்டுமா, ஒரு நூல் அளவு குறைத்து வெட்ட வேண்டும். அந்த அடிச்சுரத்தை இன்றைக்குக் கவனித்துக் கேளுங்கள். இயந்திரம் மாதிரி ஒரே அச்சில் இருக்காது. அழுத்தமும் இடைவெளியும் ஒவ்வொரு சுரத்துக்கும் கொஞ்சம் மாறும். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு துள்ளல் இருக்கும். அதெல்லாம் கையால் முடிவெடுத்து வைத்தது.

மேலே வரும் மெட்டு ஆசிலேட்டரிலிருந்து. விசைப்பலகை கிடையாது. குமிழைக் கையால் திருப்பி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நம் காதுக்கு அது கமகத்தின் ஜாரு மாதிரியே கேட்கும். ‘ஸ்ஸ்’ என்று வீசிப் போகும் காற்று, வெள்ளை இரைச்சலை ஃபில்டரில் விட்டுச் செதுக்கியது.

பல தடங்களை ஒன்றாகப் பதியும் இயந்திரம் அவர்களிடம் இல்லை. ஒவ்வோர் அடுக்கும் ஒரு தனி டேப். எல்லா டேப்பையும் வேறு வேறு இயந்திரத்தில் மாட்டி, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இன்னொரு டேப்பில் கலந்து எடுக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. அப்படி ஓட்டும்போது எங்கோ ஓர் இடத்தில் சுரம் பிசகியது. எந்த டேப்பில், எந்த ஒட்டில் என்று தெரியவில்லை. டேப்புகளைச் சுருளிலிருந்து அவிழ்த்து, மெய்டா வேலின் நீண்ட நடைவழித் தரையில் பக்கம் பக்கமாக விரித்துவிட்டார்கள். ஒட்டுக்கு ஒட்டு ஒப்பிட்டபடியே இருவரும் நடந்தார்கள். ஓர் இடத்தில் ஒரு டேப்பின் ஒட்டு மட்டும் மற்றவற்றுக்கு நேராக இல்லாமல் விலகி நின்றது. பிழை அங்கே இருந்தது. டிக் மில்ஸ் பின்னாளில் இதை மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். எனக்கு ஒலிப்பதிவு வரலாற்றிலேயே மிகவும் பிடித்த காட்சி இது. பாட்டின் நீளத்தைக் காலால் நடந்து அளந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

முடித்ததைக் கேட்ட கிரெய்னர், “இதை நானா எழுதினேன்?” என்று கேட்டாராம். “பெரும்பாலும்” என்றாராம் டீலியா. கிரெய்னர் நியாயமான மனிதர். டீலியாவுக்குப் பாதி உரிமை கொடுக்க வேண்டும் என்று முயன்றார். பிபிசி விடவில்லை. ஒர்க்‌ஷாப் ஊழியர்கள் பெயர் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நடைமுறை. 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானது. இசை என்று போட்டது கிரெய்னர் பெயரும் ஒர்க்‌ஷாப் பெயரும். சிறு சிறு மாற்றங்களோடு அந்தப் பதிவு 1980 வரை ஓடியது. டீலியாவின் பெயர் அந்த முகப்பு இசைக்காகத் திரையில் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியின் கடைசியில். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

உங்கள் மகளுக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) இசையமைப்பாளர் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், இசையை உருவாக்குகிறவர் அதைச் சுரக்குறிப்பில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைப்பாளர்தான் என்று இருக்கிறது. 1994 திருத்தத்தில் வந்த வரி அது. லேப்டாப்பில் ஒலியாகவே இசை செய்கிற இன்றைய பிள்ளைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு. அதே சமயம், சம்பள வேலையில் இருந்தபடி செய்கிற இசைக்கு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, முதல் உரிமையாளர் முதலாளிதான் என்றும் சட்டம் சொல்கிறது. எனவே எந்தச் சேனலில், எந்த ஸ்டுடியோவில் சேர்ந்தாலும் கையெழுத்துப் போடும் முன்னால் இரண்டு இடத்தைப் படிக்கச் சொல்லுங்கள்: யார் பெயர் திரையில் வரும், ராயல்டி யாருக்குப் போகும். ‘சவுண்ட் சப்போர்ட்’ என்று போட்டுவிட்டு முகப்பு இசை முழுவதையும் செய்ய வைக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ஹூ எல்லோருக்கும் தெரியும். ஆனால் டீலியாவை இசையமைப்பாளராக ஐயமின்றி நிறுத்துவது, என் கணிப்பில், 1967இல் சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படத்துக்கு அவர் செய்த ‘புளூ வெய்ல்ஸ் அண்ட் கோல்டன் சாண்ட்ஸ்’. இதற்கு மெட்டு எழுதித் தர யாரும் இல்லை. முழுக்க அவருடையது. வெயிலில் காற்றே நெளிகிற அந்த வெளியில் ஒட்டகங்கள் வரிசையாக நடந்து போகும். அதற்கு என்ன ஒலி?

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய பச்சை நிற உலோக விளக்குமூடி தொங்கியது. அதைத் தட்டினால் நல்ல நாதம் வரும். டீலியா அதைப் பதிவு செய்தார். கோயில் மணியை அடித்தால் ‘ணங்’ என்று கேட்கிறது அல்லவா? அந்த ‘ண’வை, அதாவது அடி விழுகிற கணத்தை, பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு ‘ங்ங்’ என்ற கார்வையை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அது மணி என்றே தெரியாது. எங்கிருந்தோ மிதந்து வருகிற ஒலியாகிவிடும். அவர் அதோடு நிற்கவில்லை. அந்தக் கார்வைக்குள் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்துக் கண்டுபிடித்து, ஒர்க்‌ஷாப்பின் பன்னிரண்டு ஆசிலேட்டர்களில் அவற்றை ஒவ்வொன்றாக அமைத்து, விளக்குமூடியின் நாதத்தைப் புதிதாகவே கட்டினார். கூடவே தன் குரலையும் வெட்டிச் சேர்த்தார். ஒட்டகங்கள் நடந்து போகும் அந்த இசையில் நீங்கள் கேட்பது ஒரு விளக்குமூடியையும் ஒரு பெண்ணின் குரலையும்தான்.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்று மகள் கேட்டால், இதைச் சொல்லுங்கள். வீணைக் கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4 மடங்கு என்று முழு எண்ணில் மேற்சுரங்கள் வரும். அதனால்தான் காதுக்குச் சுதி தெளிவாகத் தெரிகிறது. உலோக மூடியில் அப்படி வராது. மடங்குகள் ஒழுங்கில்லாமல் சிதறி விழும். அந்தச் சிதறல்தான் உலோகத்தின் நிறம். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பூச்சு போட்டிருப்பதால் தோலின் சிதறிய மேற்சுரங்கள் முழு எண்ணுக்கு இழுக்கப்படுகின்றன என்று சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதியது இதே கணக்குத்தான். எந்த ஒலியையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டும், உங்கள் மகள் கல்லூரியில் படிக்கப்போகும் ஃபூரியே தொடர் டீலியாவின் அன்றாடக் கருவி.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பித்தளைத் தாம்பாளத்தை விரலில் தொங்கவிட்டுத் தட்டி, போனில் பதிவு செய்யட்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒலி எடிட்டிங் மென்பொருள் ஒன்றில் போட்டு, அடி விழும் முதல் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்கட்டும். பிறகு ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தைப் பார்த்து, உயரமான ஐந்தாறு முனைகளின் அதிர்வெண்களை எழுதிக்கொண்டு, அதே எண்களில் சைன் அலைகள் செய்து அடுக்கட்டும். முதல் தடவை தாம்பாளம் வராது. ஒவ்வொரு முனையும் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதையும் கவனித்துச் சேர்த்தால் கிட்ட வந்துவிடும். அந்த ஒரு வாரத்தில் அவருக்கு இந்த வேலை பிடிக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப் தோழர் பிரையன் ஹாட்ஜ்சன், பீட்டர் ஜினோவியெஃப் இருவரோடும் சேர்ந்து 1966இல் ‘யூனிட் டெல்டா பிளஸ்’ என்று ஒரு மின்னணு இசைக் குழு. டேவிட் வோர்ஹாஸ், ஹாட்ஜ்சன் ஆகியோருடன் ‘ஒயிட் நாய்ஸ்’ என்ற பெயரில் 1969இல் ‘ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்’ இசைத்தட்டு. இன்னொன்று முக்கியம். பிபிசி ஊழியர் என்பதால் வெளியில் செய்த சில இசைக்கு ‘லி டி லா ரூஸ்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். போட்டிச் சேனலான ஐடிவியின் ‘தி டுமாரோ பீப்பிள்’ தொடரில் அந்த இசை பயன்பட்டது. உள்ளே பெயர் போடவில்லை, வெளியே பெயர் போட முடியவில்லை. அவ்வளவு திறமை இருந்தவருக்கு அது எப்படி உறுத்தியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

1970 வாக்கில் ஒர்க்‌ஷாப்புக்குப் பெரிய சிந்தசைசர் வந்தது. சிந்தி 100 என்ற அலமாரி அளவு இயந்திரம். தெருப்பெயரை வைத்து ‘டெலவேர்’ என்று செல்லப்பெயர். 1972இல் டாக்டர் ஹூ முகப்பு இசையையே அதில் புதிதாகச் செய்து பார்த்தார்கள். பேடி கிங்ஸ்லாண்ட், ஹாட்ஜ்சன், டீலியா மூவருமே அதில் இருந்தார்கள். எடுபடவில்லை. பழைய டேப் பதிவுக்கே திரும்பினார்கள். சிந்தசைசர் மோசமான கருவி என்று நான் சொல்ல வரவில்லை, பிற்பாடு பீட்டர் ஹவல் 1980இல் அதை வைத்தே அருமையாகச் செய்தார். ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக முடிவெடுத்துக் கட்டிய ஒன்றை, விசையைத் தட்டி ஓர் அவசரத்தில் திரும்பச் செய்ய முடியாது. காலக்கெடு சுருங்கிக்கொண்டே வந்தது. டீலியா ஒரு வேலையைக் கடைசி நிமிடம்வரை மாற்றிக்கொண்டே இருக்கும் ரகம். அலுப்பும் கசப்பும் சேர்ந்து 1973இல் வெளியேறினார்.

அதற்குப் பிறகு சில காலத்தில் இசைத் தொழிலையே விட்டார். எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் ரேடியோ ஆபரேட்டர், ஓவியக் காட்சிக்கூடத்தில் வேலை, புத்தகக் கடை என்று போனது வாழ்க்கை. 90களின் பிற்பகுதியில் இளைய தலைமுறை மின்னணு இசைக்காரர்கள் தேடி வந்தார்கள். பீட்டர் கெம்பர் என்ற இசைக்கலைஞரோடு மறுபடி வேலை செய்யத் தொடங்கினார். 2001 ஜூலை 3 அன்று நார்தாம்ப்டனில், 64 வயதில் இறந்தார். 2017இல் கவென்ட்ரி பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அப்பா மனதில் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. இவ்வளவு பெரிய ஆளுக்கே இப்படி ஆகியிருக்கிறதே என்று தோன்றும். டீலியாவைத் தளர்த்தியது கணக்கோ இசையோ இல்லை. அவர் செய்ததற்கு அந்த இடத்தில் பெயர் இல்லை என்பதுதான். இன்றைக்கு அந்த வேலைக்குப் பெயர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. படிப்பை முடிக்கட்டும், கணிதத்தை நடுவில் விட வேண்டாம். கூடவே காதைப் பழக்கட்டும். வருமானம் ஆரம்பத்தில் சீராக இருக்காது. விளம்பரம், குறும்படம், தொடருக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை) என்று பல இடத்தில் கை வைத்தால்தான் முதல் சில வருடம் ஓடும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

டீலியா இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. இப்போது அவை மான்செஸ்டரில் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றில் 60களின் கடைசியில் செய்த ஒரு சின்னத் துண்டு 2008இல் வெளியே வந்தது. முப்பது வருடம் கழித்து நடன அரங்குகளில் ஒலிக்கப் போகும் மின்னணுத் தாளம் அப்படியே அதில் இருக்கிறது. தொடங்கும் முன் டீலியாவின் குரல் கேட்கும்: இதை மறந்துவிடுங்கள், சும்மா ஆர்வத்துக்காக மட்டும் என்கிற பொருளில் ஒரு வரி. உங்கள் மகளுக்கு அதை முதலில் போட்டுக் காட்டுங்கள். டாக்டர் ஹூவை அப்புறம் கேட்கட்டும்.